செங்கோட்டியாழ்ச் சிற்பம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு,

மட்டக்களப்பு கல்லடி வாவிக்கரையில் சுவாமி விபுலாநந்தர் நினைவாக எழுப்பிய, ஏழு நரம்புப் பழந்தமிழ்க் கருவியான செங்கோட்டியாழின் சிற்பத்தின் வேலைகள் நிறைவுற்றன. அத்திவாரமும் பீடமும் மதிப்பீட்டுத் தொகைக்குள் முடிந்தன.

சுவாமியின் திருவுருவம் இருக்க வேண்டிய இடத்தில் யாழ் எதற்கு என்று சிலர் இன்னும் கேட்கின்றனர். உருவச்சிலைகள் நம் மாவட்டத்தில் முன்பே உண்டு. 1947இல், அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் அரங்கேறிய அவரது ஆய்வான 'யாழ் நூல்', வழக்கொழிந்த கருவியைப் பழம்பாட்டுகளிலிருந்தும் சுருதிக் கணக்கிலிருந்தும் மீட்டது. அந்த உழைப்பே சிற்பமாக வேண்டும் என்று தீர்மானித்தது பொதுக்கூட்டம். இன்று முணுமுணுப்போர் சிலரின் கையொப்பமும் கூட்டறிக்கையில் இருக்கிறது.

இனி, செலவு கூடிய விடயம். பத்தரும் (யாழின் அடிக்குடம்) கோடும் (வளைந்த தண்டு) கொங்கிறீற்று, ஏழு நரம்புகளும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது ஒப்பந்தம். ஒரு மாரி கழிவதற்குள் நரம்புகளில், வெல்டிங் பிடித்த இடங்களைச் சுற்றித் தேநீர்ச் சாயம்போல் மண்ணிறக் கறை படர்ந்தது. ஒப்பந்தகாரர் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒட்டவில்லை பாருங்கள், அசல் சாமான் என்றார். மலிவான 304 தர ஸ்டீலும் காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. 316இல் நூற்றுக்கு 2 முதல் 3 வரை மொலிப்டினம் என்ற உலோகம் உண்டு, உப்புக்காற்றைத் தாங்குவது அதனால்தான். சோதனைத் திரவத்தைச் சொட்டவிட்டு மொலிப்டினம் இல்லை என்று நம் சிற்பி எல்லோர் முன்னிலும் காட்டிய பிறகே ஒப்பந்தகாரரின் வாய் அடைத்தது.

இங்கிலாந்திலுள்ள அங்கத்தவர் ஒருவர், கேட்ஸ்ஹெட்டில் ஆன்ரனி கோர்ம்லி 1998இல் நிறுத்திய இரும்புத் தேவதை துருவோடுதானே நிற்கிறது, இதையும் அப்படியே விடலாமே என்று எழுதியிருந்தார். அது செம்பு கலந்த வேறு வகை உருக்கு; அதன் மேற்துருவே அதற்குக் கவசம். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் உள்ள கல்லடியில் உப்பு அந்தக் கவசத்தை நிலைக்க விடாது.

ஆகவே ஏழு நரம்புகளையும் கழற்றிப் புதிதாக மாட்டினோம். மேலதிகச் செலவில் பாதியை ஒப்பந்தகாரர் ஏற்றார், மறுபாதி நம் தலையில் விழுந்தது. வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்போர், வழக்கு முடியும்வரை நரம்பில்லா யாழை ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கச் சம்மதித்திருப்பார்களா? சிக்காகோவில் அனிஷ் கபூரின் 'கிளவுட் கேற்' என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிற்பம் 60 இலட்சம் டொலர் மதிப்பீட்டில் தொடங்கி 2 கோடி 30 இலட்சத்தில் முடிந்தது. நமது மிகைச்செலவு மதிப்பீட்டில் கால்பங்கைத் தொடவில்லை. பொருளாளர் மீது எழுதப்பட்ட மொட்டைக் கடிதங்களுக்கு இதற்குமேல் பதில் இல்லை.

மணல் ஏற்றித் தந்த ஏறாவூர் லொறி உரிமையாளர், சீமெந்து தந்த காத்தான்குடிக் கடை முதலாளி, சுவாமி பிறந்த மண்ணின் பங்காக நிதி திரட்டிய காரைதீவு அன்பர்கள், நாவற்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி உபயகாரர்கள், கனடா, சுவிஸ் உறவுகள், வேலையாட்களுக்கு மதியச் சோறு சமைத்த கல்லடித் தாய்மார், சம்பளமே வாங்காத வெல்டிங் தம்பிமார் இருவர் ஆகியோருக்குச் சபை கடமைப்பட்டுள்ளது. பெயரும் தொகையும் அடங்கிய முழுப் பட்டியல் அறிவித்தற் பலகையில் உள்ளது. பெயர் விடுபட்டவர்கள் பற்றுச்சீட்டோடு வரவும்.

ஒப்பந்தகாரருக்குரிய கடைசித் தவணை அடுத்த மாரி முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. கறை காணப்படாவிட்டால் மட்டுமே அது கொடுபடும்.

இவ்வண்ணம்,
செயலாளர், திருப்பணிச் சபை