கேமரா பழுதில்லை: கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படச் செயலாக்கச் செய்முறை வகுப்புகளை வருகைப் பயிற்றுநராக நடத்தி வருகிறேன். அடுத்த பருவத்திற்கு நீங்கள் கணினிகளைத் தயார் செய்யும் நேரத்தில் இம்மடல் உங்களைச் சேர வேண்டும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன்.

கடந்த பருவத்தில் நான் சென்ற ஒரு கல்லூரியில், முப்பது கணினிகளில் விண்டோஸின் மேல், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்), ஓப்பன்சிவி (படச் செயலாக்க நிரலகம்) இரண்டும் கொண்ட விர்ச்சுவல் மெஷினை, அதாவது அந்த உள் கணினியை, நகலெடுத்து வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், மாணவர் எதைக் கலைத்தாலும் சில நிமிடங்களில் மீட்டுவிடலாம். ஆனால் வெப்கேம் ஒரே ஒரு கணினியில்தான் படம் காட்டியது. அந்த மெஷினை முதலில் உருவாக்கிச் சோதித்த கணினி அது. மற்றவற்றில் கேமராக்களை மாற்றி மாற்றிச் செருகியே இரண்டு மணி நேர வகுப்பில் பெரும்பகுதி கழிந்தது. முடிவில் ஆறு கேமராக்கள் ‘பழுது’ என்ற சீட்டுடன் அலமாரிக்குப் போயின.

அவற்றில் ஒன்றுகூடப் பழுதில்லை. எந்த யுஎஸ்பி கருவியை மெஷினுக்குள் ஒப்படைப்பது என்று சொல்லும் விதியே யுஎஸ்பி ஃபில்டர். விர்ச்சுவல்பாக்ஸில் அதைச் சேர்க்கும்போது, செருகியிருக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்தால், தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் மட்டுமல்லாமல், அக்கருவி தெரிவிக்கும் திருத்த எண், வரிசை எண் போன்றவையும் தாமாகவே நிரம்பிவிடுகின்றன. நிரம்பிய ஒவ்வொரு கட்டமும் ஒரு நிபந்தனை. ஆகவே, ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் கேமராவாக இருந்தாலும், வரிசை எண் வேறாக இருந்தால் அந்த ஃபில்டர் அதைக் கண்டுகொள்வதில்லை. முதல் இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கட்டங்களை வெறுமையாக்கினால் போதும்.

இன்னும் சில கணினிகளில் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அங்கே வட்டுக் கோப்பை (மெஷினின் வன்வட்டாகச் செயல்படும் கோப்பை) மட்டும் நகலெடுத்து, மெஷினைப் புதிதாக உருவாக்கியிருந்தார்கள். மெஷினுக்குள் யுஎஸ்பி கருவிகளை இணைக்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர் எது என்ற அமைப்பு வட்டுக் கோப்பில் இருப்பதில்லை. அதனால் புதிய மெஷினின் கன்ட்ரோலர் யுஎஸ்பி 1.1 இல் நின்றிருந்தது. 640 × 480 அளவுள்ள படத்திற்குப் புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், நொடிக்கு 30 படங்கள் என்று கணக்கிட்டால், நொடிக்குச் சுமார் 147 மெகாபிட் தேவை, யுஎஸ்பி 1.1 இன் உச்ச வேகமோ 12 மெகாபிட். இந்த நிலையில் கேமராவின் பெயர் உபுண்டுவின் கருவிப் பட்டியலில் தெரிந்தாலும் படம் வராமல் போகலாம். மாணவர் திரையில் ‘செலக்ட் டைம்அவுட்’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் தம் நிரலில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார். (அன்று ஒரு மாணவி தம் நிரலை நான்கு முறை அழித்து எழுதினார். முதல் முறையே அது சரியாகத்தான் இருந்தது.)

யுஎஸ்பி 2.0, 3.0 கன்ட்ரோலர்கள் முன்பு எக்ஸ்டென்ஷன் பேக் (விர்ச்சுவல்பாக்ஸுடன் தனியாக நிறுவும் கூடுதல் தொகுப்பு) இருந்தால் மட்டுமே கிடைத்தன. 2022 இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பிலிருந்து அடிப்படை நிறுவலிலேயே இருக்கின்றன. எனவே பழைய பதிப்பையே வைத்திருப்பதில் இந்த வகுப்பைப் பொறுத்தவரை எந்த இலாபமும் இல்லை.

ஃபில்டர் வழியாகக் கேமரா முழுவதையும் உள்ளே ஒப்படைத்தால், அது அங்கே இருக்கும்வரை விண்டோஸுக்குக் கிடைக்காது. 2013 இல் வெளியான 4.3 பதிப்பிலிருந்து வேறொரு வழியும் உண்டு: மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவைசஸ் மெனுவில் வெப்கேம்ஸ் என்பதன் கீழ் கேமராவைத் தேர்ந்தெடுப்பது. இதில் கேமராவை விண்டோஸே இயக்கி, உள்ளே ஒரு போலிக் கேமராவின் வழியாகப் படத்தை அனுப்புகிறது. மடிக்கணினியின் உள்கேமராவுக்கு நான் இதையே விரும்புவேன். இதற்கு இன்றும் எக்ஸ்டென்ஷன் பேக் வேண்டும். அதன் பதிப்பு விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்போடு ஒத்திருக்கவும் வேண்டும். விண்டோஸின் தனியுரிமை அமைப்புகளில் டெஸ்க்டாப் செயலிகளுக்குக் கேமரா அனுமதி மூடப்பட்டிருந்தாலோ, வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருந்தாலோ இவ்வழியிலும் படம் வராது.

எக்ஸ்டென்ஷன் பேக் என்றதும் உரிமத்தை எண்ணித் தயங்குகிறவர்கள் உங்களில் உண்டு. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், கல்வி நிறுவனத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் பாடத்திட்டத்தின் பகுதியாகப் பயன்படுத்துவதற்கும் அதன் உரிமம் கட்டணமின்றி இடமளிக்கிறது. கல்லூரி அலுவலகக் கணினிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸையே அடித்தளமாக வைத்திருப்பவர்கள், மாணவர்களின் பயனர் கணக்கை விபாக்ஸ்யூசர்ஸ் (vboxusers) என்ற பயனர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் யுஎஸ்பி பட்டியலே காலியாக இருக்கும்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான்: மெஷினை உருவாக்கிய கணினியில் கேமரா வேலை செய்வதைப் பார்த்ததும் பணியை முடித்துவிடாமல், நகல் சென்ற வேறொரு கணினியில், வேறொரு கேமராவைச் செருகி, மாணவரின் கணக்கில் நுழைந்து ஒருமுறை சோதியுங்கள். அப்படியே, ‘பழுது’ என்று ஒதுக்கிய கேமராக்கள் உங்கள் அலமாரியிலும் இருந்தால், புதியவற்றுக்குக் கொள்முதல் விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அவற்றை விண்டோஸில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வருகைப் பயிற்றுநர்