‘மிகவும்’ என்றால் குறையும் காதல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட பிரெஞ்சுச் சிறுகதையின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். நடை தெளிவாக இருந்தது. ஆனால் கதையின் முக்கியமான இடத்தில் நாயகி, “உன்னை நான் நன்றாகக் காதலிக்கிறேன், தெரியுமா?” என்கிறாள், அடுத்த வரியிலேயே நாயகன் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போய்விடுகிறான். காதலைச் சொன்னவளை விட்டுவிட்டு அவன் ஏன் போனான் என்று வாசகர் பலர் குழம்பியிருப்பார்கள். மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது, “ழு தெம் பியன்”. அதாவது, அவள் அவனை மனம் நோகாமல் மறுத்துவிட்டாள்.

புதுச்சேரியில் முப்பது ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்தவள் என்ற முறையில், இந்த இடத்தில் மாணவர்கள் தடுமாறாத ஆண்டு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அன்பு, பாசம், பிரியம், காதல் என்று நாம் தனித்தனிச் சொற்களில் பிரித்து வைத்திருப்பதையெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் ‘எமே’ என்ற ஒரே வினைச்சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தாயையும் அதே சொல்லால்தான் நேசிக்கிறார்கள், காதலனையும் அதே சொல்லால்தான், காலைக் காப்பியையும் அதே சொல்லால்தான். குடும்பத்தார் அல்லாத ஒருவரை நேருக்கு நேர் பார்த்து, வேறெதுவும் சேர்க்காமல் “ழு தெம்” என்று சொன்னால் அது முழுக் காதல். அதோடு ‘நன்றாக’ என்று பொருள்படும் ‘பியன்’ ஒட்டிக்கொண்டால், “உன்னை எனக்குப் பிடிக்கும்” என்ற அளவுக்கு இறங்கிவிடும். ‘மிகவும்’ என்னும் ‘போகூ’ அதைவிடச் சற்று வெதுவெதுப்பானது; ஆனாலும் பெரும்பாலும் நட்பின் எல்லையைத் தாண்டாது. ‘மிகவும்’ சேர்ந்தால் பொருள் கூடும் என்றே பழகிய நம் காதுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. காப்பி போன்ற பொருள்களைப் பற்றிப் பேசும்போது ‘போகூ’ வழக்கம்போல அழுத்தமே தரும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. மாணவியாக லியோன் நகரில் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கியிருந்தேன். ஊர் திரும்பும் நாளன்று, நன்றி சொல்லி எழுதிய கடிதத்தை “ழு வூ ஸெம்” என்று, அதாவது ‘உங்களை நேசிக்கிறேன்’ என்ற எண்ணத்தில், முடித்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அந்த வரியின் முடிவில் ‘போகூ’ என்று சிறிய எழுத்தில் சேர்த்தார். “இப்போது இதை என் பிள்ளைகளுக்குக் காட்டலாம்” என்று சொல்லி என்னை அணைத்துக்கொண்டார். அந்தப் பென்சில் எழுத்து இன்றும் என் கண்முன் நிற்கிறது.

காதலை உயர்த்திச் சொல்லும் வழிகளும் அம்மொழியில் உண்டு. டெய்சிப் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தபடி, “கொஞ்சம், மிகவும், வேட்கையோடு, பித்தாக, இல்லவே இல்லை” என்று பிரெஞ்சுக் குழந்தைகள் விளையாடுவார்கள். ஐந்து படிகளில் ‘மிகவும்’ இரண்டாவது படியில்தான் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். “ழு தடோர்” என்பதையும் சிலர் ‘ஆராதிக்கிறேன்’ என்று பெயர்க்கிறார்கள். தோழிகள் தங்களுக்குள் அன்றாடம் சொல்லிக்கொள்ளும் சொல்லுக்கு அவ்வளவு கனம் தேவையில்லை.

1637-இல் பாரிஸில் அரங்கேறிய கொர்னேயின் ‘லெ சித்’ நாடகத்தில், தன் தந்தையைக் கொன்ற காதலனிடம் ஷிமேன், “போ, நான் உன்னை வெறுக்கவில்லை” என்கிறாள். ‘காதலிக்கிறேன்’ என்று சொல்ல அவளுடைய குடும்ப மானம் இடம் தராது. ஆனால் எதிர்மறையில் ஒளித்து வைத்த அந்தக் காதல் எந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் புரியும். இன்றைக்கும் அங்கே பள்ளிகளில், குறைத்துச் சொல்லி மிகுதியை உணர்த்தும் அணிக்கு இவ்வரியையே எடுத்துக்காட்டாகக் கற்பிக்கிறார்கள். கூட்டிச் சொன்னால் குறைவதையும் குறைத்துச் சொன்னால் கூடுவதையும் அறியாமல் அம்மொழியின் காதல் உரையாடல் எதையும் தமிழுக்குக் கொண்டுவர முடியாது.

மொழிபெயர்ப்பாளரின் உழைப்பைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அகராதியில் ‘பியன்’ என்பதற்கு ‘நன்றாக’ என்றுதான் இருக்கிறது. இக்கதை நூலாக வரும்போது, “உன்மேல் எனக்குப் பிரியம் உண்டு, தெரியுமா?” என்று அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுமாறு அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். அப்போது அவன் ஏன் தொப்பியை எடுத்தான் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
புதுச்சேரி