பட்டம் இருந்தது, மணிக்கணக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்குக் கும்பகோணம் வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி இணைப்பை மடித்துக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டு மாமா வந்தார். அவர் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். "பிசியோதெரபி படிச்சா அமெரிக்காவுல உடனே வேலையாமே, கிரீன் கார்டும் கிடைக்குமாமே? நீ அங்கதானேம்மா இருக்கே, பாப்பாவைச் சேர்த்துடலாமா?" என்று கேட்டார். சேருங்கள் என்றுதான் சொன்னேன். நல்ல படிப்பு, மனதுக்கு நிறைவான தொழில். ஆனால் அவரிடம் வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். இந்த மாதம் இதே கேள்வியோடு பல வீடுகளில் பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் 2004-ல் பி.பி.டி., அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். நாலு ஆண்டு படிப்பு, ஆறு மாதம் பயிற்சி. முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் மூன்று ஆண்டு வேலை. பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி நடக்க வைத்திருக்கிறேன். தோள் இறுகிப்போய்ச் சட்டை போட முடியாமல் வந்த விவசாயிகள், பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் மடங்காத பையன்கள் என்று நாள் முழுக்கக் கை ஓயாத வேலை. 2012-ல் கல்யாணமாகி டெக்சஸுக்குப் போனேன். அங்கே லைசென்ஸ் என் கைக்கு வந்தது 2017 நவம்பரில். இடையில் போன ஐந்து ஆண்டில் தேர்வுக்குப் படித்த காலம் குறைவு. காகிதத்துக்காகக் காத்திருந்த காலம்தான் அதிகம்.

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வழங்குகிறது. வெளிநாட்டில் படித்தவர் முதலில் தன் படிப்பு அங்குள்ள படிப்புக்கு ஈடானது என்று காட்ட வேண்டும். அங்கே இன்று பிசியோதெரபி என்றால் டி.பி.டி., அதாவது டாக்டர் பட்டம். இளநிலைப் பட்டத்துக்கு மேல் மூன்று ஆண்டு அளவுக்குப் படிக்கிறார்கள். அதோடு நம் நாலரை ஆண்டைப் பாடம் பாடமாக, மணி மணியாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உடற்கூறியலில் வகுப்பு எத்தனை மணி, செய்முறை எத்தனை மணி? நரம்பியல் பிரிவில் நோயாளிகளோடு இருந்தது எத்தனை மணி, மேற்பார்வை பார்த்தவர் யார், அவர் பிசியோதெரபிஸ்ட்தானா? மதிப்பெண் பட்டியலில் இது எதுவும் இருக்காது. "உடற்கூறியல் 68, தேர்ச்சி" என்றுதான் இருக்கும். எனவே விரிவான பாடத்திட்டமும் மணிக்கணக்கும் கல்லூரியின் கையெழுத்தும் முத்திரையும் வைத்த உறையில், கல்லூரியிலிருந்தே நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். நாம் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

அந்த உறைக்குப் பதினான்கு மாதம் ஆனது. என் அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து திருச்சி, அங்கிருந்து டவுன் பஸ் என்று நான் படித்த கல்லூரிக்கு அவர் பதினோரு முறை போயிருக்கிறார். தேதிகளை டைரியில் எழுதி வைத்திருக்கிறார், நேற்றுகூட எடுத்துப் பார்த்தேன். முதல் முறை போனபோது, "இந்த மாதிரி ஃபார்ம் நாங்க போடுறதில்லை சார்" என்றார்கள். இரண்டாம் முறை முதல்வர் விடுப்பு. அடுத்த முறை, என் வருடத்துப் பாடத்திட்டமே இல்லை என்றார்கள். பாடத்திட்டம் மாறிவிட்டதாம், பழைய புத்தகத்தை யாரும் எடுத்து வைக்கவில்லையாம். எங்களுக்கு எலெக்ட்ரோதெரபி எடுத்த பேராசிரியை அப்போது ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருந்தார். அவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி கிடைத்தது. அப்பா அதைப் படியெடுத்துக்கொண்டு மறுபடி கல்லூரிக்குப் போனார்.

வகுப்பு மணிக்கணக்கு அப்படிக் கிடைத்தது. நோயாளிகளோடு இருந்த நேரத்துக்கு லாக் புக், அதாவது பயிற்சிக் கணக்கு எழுதும் நோட்டு, வேண்டும். என் லாக் புக்குகள் மூன்று. இரண்டு எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன. மூன்றாவதை, கல்யாணத்துக்கு வீடு ஒழித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். அது எலும்பு மூட்டுப் பிரிவில் நான் இருந்த மாதங்களின் கணக்கு. அம்மா அதை நினைத்து நினைத்து அழுதாள். அவள் என்ன செய்வாள், பட்டம் வாங்கியாகிவிட்டது, இனி நோட்டு எதற்கு என்று எல்லாரும் நினைப்பதைத்தான் அவளும் நினைத்தாள். கடைசியில் கல்லூரியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்த மாதங்களின் கணக்கைத் துறைத்தலைவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு மட்டும் அப்பா நாலு முறை போக வேண்டியிருந்தது. உறை ஒருவழியாகக் கிளம்பியது. ஒட்டிய மடிப்பின் மேல் கையெழுத்து இல்லை என்று ஏற்கப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து.

இதைவிட என்னைக் கலங்கடித்தது படிவத்தில் இருந்த ஒரு கேள்வி. நீ படித்த நாட்டில் இந்தத் தொழிலைச் செய்ய உனக்குச் சட்டப்படி உரிமம் உண்டா? வழங்கியது யார்? எண் என்ன? நான் என்ன எழுத? நம் நாட்டில் நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. பல் மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் 1948-ல் சட்டம் வந்தது. பிசியோதெரபிஸ்டுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 2021 வரை கிடையாது. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் தங்களுக்கென்று சட்டம் போட்டுக்கொண்டன. என்னிடம் இருந்தது சங்க உறுப்பினர் அட்டை. அது உரிமம் ஆகாது. மூன்று ஆண்டு நோயாளிகளைத் தொட்டு வேலை செய்தவளிடம், நீ யார் என்று கேட்டால் காட்ட ஒரு எண் இல்லை. "இந்தப் பட்டமே தொழில் செய்யத் தகுதி தருகிறது, தனி உரிமம் தேவையில்லை" என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்பினேன். அதற்கும் ஒரு பஸ் பயணம்.

மதிப்பீட்டின் முடிவு வந்தபோது குறைகளின் பட்டியல் ஒன்றும் சேர்ந்து வந்தது. பொதுப் பாடங்களில் சில போதவில்லை. சமூகவியலையும் மனித வளர்ச்சியையும் 'கிளெப்' என்ற தேர்வெழுதி ஈடுகட்டினேன். மருந்தியல், எக்ஸ்ரே-ஸ்கேன் படங்களைப் படித்தறிவது, இது நம் வேலைக்குள் அடங்கும் வலியா, டாக்டரிடம் அனுப்ப வேண்டிய நோயா என்று பிரித்தறிவது, இந்த மூன்றையும் அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பணம் கட்டிப் படித்தேன். கார் வாங்க என் கணவர் சேர்த்த பணம் அதற்குப் போனது. மூன்றாவதாகச் சொன்ன பாடத்துக்கு மட்டும் நான் மனதார நன்றி சொல்வேன். முதுகுவலி என்று வருகிறவருக்குள் புற்றுநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்க அதுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை நம் கல்லூரிகளில் இன்னும் ஆழமாக நடத்த வேண்டும். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு 30-க்கு 26 கேட்டார்கள். 24, 25, பிறகு 26 என்று மூன்றாம் முறை தேறினேன்.

காத்திருந்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் எனக்கு வேலை செய்யவே அனுமதி இல்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வந்த மனைவியரில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதத்திலிருந்துதான் அனுமதி கொடுத்தார்கள். அது கிடைத்ததும் ஒரு கிளினிக்கில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். கட்டிலைத் துடைப்பது, துண்டு மடிப்பது, ஹாட் பேக்கை உறை மாற்றி வைப்பது. ஒருநாள் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் வந்தார். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் பார்த்தால் முழங்கால் 82 டிகிரிதான் மடங்கியது. மடக்க மடக்கத் தொடைத் தசையை இறுக்கிக்கொண்டே இருந்தார். பயம். அந்த இறுக்கத்தைத் தளர்த்தி மடக்கும் விதம் என் கைக்குத் தெரியும், திருச்சியில் எத்தனை பேருக்குச் செய்திருப்பேன். அங்கே நான் தொடக் கூடாது. துண்டை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. உரிமம் இல்லாதவர் கையை வைக்கக் கூடாது என்பது சரி. என் நாடும் அதே அக்கறையோடு எனக்கு ஓர் எண் கொடுத்திருந்தால் அங்கே நான் அத்தனை நாள் நின்றிருக்க வேண்டாம்.

உரிமத்துக்கான தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்.பி.டி.இ. என்று பெயர். ஆண்டுக்கு நாலு முறை நடக்கும். நான் எழுதியபோது ஐந்து மணி நேரம், 250 கேள்வி. 200-லிருந்து 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம். முதல் தடவை 584, ஆறு மாதம் கழித்து 641. படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: "போன தடவை வந்த கேள்விகள்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கேள்விகள் கசிந்த விவகாரத்தால் 2010-ல் எகிப்து, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் நாலு நாட்டிலும் படித்த எல்லாரையுமே தேர்வெழுத விடாமல் நிறுத்தி வைத்தார்கள். பிறகு அவர்களுக்கென்று ஆண்டுக்கு ஒரே முறை தனித் தேர்வு வைத்தார்கள். எந்தத் தவறும் செய்யாத என் சீனியர்கள் அதில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். தேர்வுக்குப் பிறகு டெக்சஸ் மாநிலச் சட்டம் பற்றிய தேர்வும் உண்டு. இப்போது இரண்டு ஆண்டுக்கொரு முறை, தொடர் கல்வி முடித்த கணக்கைக் காட்டி உரிமத்தைப் புதுப்பிக்கிறேன்.

எதிர்வீட்டு மாமா கேட்ட கிரீன் கார்டு விஷயம் பாதி உண்மை. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று வேலை கொடுப்பவர் நிரூபிக்கத் தேவையில்லாத பட்டியலில் செவிலியரோடு பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார். அது கதவு திறக்கும் நேரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம், அதில் நின்றுதான் ஆக வேண்டும்.

இப்போது நான் கேட்க வந்தது. 2021-ல் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாநிலந்தோறும் கவுன்சில், பதிவேடு, பதிவேட்டில் பெயர் இருப்பவரே தொழில் செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாடத்திட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பிசியோதெரபிஸ்ட் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடக் கூடாது என்று சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, மறுநாளே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த இரண்டு நாளும் என் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. பெயருக்கு முன்னால் வரும் எழுத்துக்காகக் காட்டிய ஆவேசத்தில் கால்வாசியை, பெயருக்குப் பின்னால் வர வேண்டிய பதிவு எண்ணுக்காக நாம் காட்டவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மாநிலக் கவுன்சில் செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிக்காதவை. பட்டம் தரும் அன்றே, பாடவாரியாக வகுப்பு மணி, செய்முறை மணி, மருத்துவமனைப் பயிற்சி மணி எல்லாம் போட்ட ஒரு ஆவணத்தையும் சேர்த்துத் தர வேண்டும். மாணவி கேட்டு அலைந்து வாங்கும்படி விடக் கூடாது. ஒவ்வொரு ஆண்டின் பாடத்திட்டத்தையும் அழிக்காமல் இணையத்தில் வைக்க வேண்டும். கல்லூரி மூடிவிட்டாலும் அந்த ஆவணம் கவுன்சிலில் கிடைக்க வேண்டும். பதிவு எண்ணைப் போட்டால் இவர் உரிமம் பெற்றவர் என்று லண்டனிலோ டாலஸிலோ இருந்து யாரும் சரிபார்க்க வழி வேண்டும். கும்பகோணத்திலிருந்தும் அதே வழியில் பார்க்கலாமே! எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு இடுப்பு அறுவைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவர் பி.பி.டி. படித்தவரா, ஆறு மாத சான்றிதழ் வாங்கியவரா என்று கேட்டேன். பாட்டியின் மகனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது என்றும் தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு ஃபைலைக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் வாரமே பாடத்திட்டத்தின் பிரதியை வாங்கி அதில் வைக்க வேண்டும், மருத்துவமனைப் பிரிவுகளில் ஒவ்வொரு போஸ்டிங் முடிந்ததும் லாக் புக்கில் கையெழுத்து வாங்கிப் படியெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பாடத்திட்டப் பிரதி கேட்டதற்குக் கல்லூரியில் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். தெரிந்ததும் தங்களுக்கு மறுபடி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம் (தற்போது டாலஸ், டெக்சஸ்)