அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விடைத்தாள்கள் விடுமுறை முடிந்து முதல் வாரத்தில் பிள்ளைகள் கையில் வந்துவிடும். கோ-கோ, கபடி அணிகள் வட்டார அளவில் நன்றாக விளையாடின. அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மழைநீர்ச் சேகரிப்பு மாதிரி பாராட்டுப் பெற்றது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் முயற்சியால் பெண்கள் கழிப்பறைப் பக்கம் புதிய குழாய்கள் வந்திருக்கின்றன. உழைத்த எல்லோருக்கும் நன்றி.

அப்புறம், நம் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று வரை போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் பள்ளிக்கு அது பெரிய பெருமை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றிப் பேசத்தான்.

இந்த மாதிரிப் போட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2006-ல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கியபோது, சபாவில் மேடை கிடைக்காத, சினிமாவில் யாரையும் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. 2017-ல் ஜூனியர் பட்டத்தை வென்ற பிரித்திகா திருவாரூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண். 2018-ல் செந்தில் கணேஷ் ஜெயித்தபோது நாட்டுப்புறப் பாட்டு அத்தனை வீட்டு வரவேற்பறைக்கும் வந்து சேர்ந்தது. 2023-ல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா பட்டம் வாங்கினாள். இவர்கள் எல்லோருமே நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டியவர்கள்தான்.

ஆனால் இறுதிச் சுற்று ஒளிபரப்பானதற்கு மறுநாள் திங்கட்கிழமை நம் பள்ளியில் நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு முதலிடம் கிடைக்கவில்லை. முடிவு அறிவித்தபோது மேடையில் அழுதாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? அந்த அழுகையைக் கேமரா நெருங்கிப் போய் எடுத்தது, மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் இசை சேர்த்து ஒளிபரப்பினார்கள். திங்கட்கிழமை மதிய உணவு இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதை அப்படியே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பொத்திக்கொள்வது, தோளைக் குலுக்குவது எல்லாம். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நூலகப் பொறுப்பாசிரியை என்னிடம் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினேன். "அம்மா போன்ல பார்த்தோம் சார், கிளாஸ் குரூப்ல வந்துச்சு" என்றார்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு வீட்டுப்பாடத்துக்கும் விடுமுறை அறிவிப்புக்கும் தொடங்கியது. அதில் அவள் அழும் அந்த வீடியோத் துணுக்கை ஒருவர் போட்டிருக்கிறார். அதன் கீழே சிரிக்கும் பொம்மைகளைச் சிலர் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் கீழே போனால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே சண்டையே நடந்திருக்கிறது. "நாங்க வீட்டுல ஆளுக்கொரு ஓட்டுப் போட்டோம், நீங்க போடலையா?" என்று ஒருவர் கேட்க, "எங்க பொண்ணும் ஆடிஷனுக்குப் போனாளே, அப்ப யாரு கேட்டீங்க?" என்று இன்னொருவர். அந்த வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தன் வகுப்பு ஆசிரியையிடம், "ஓட்டுப் போடாதவங்க கெட்டவங்களா மிஸ்?" என்று கேட்டிருக்கிறான். வீட்டில் எதைக் காதில் வாங்கியிருந்தால் அந்தக் கேள்வி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் என் பங்கும் உண்டு. பள்ளி வாசலில் அவள் படத்தோடும் ஓட்டுப் போடும் முறையோடும் ஃபிளெக்ஸ் வைக்க அனுமதித்தது நான்தான். பெருமையில் செய்தேன். ஆனால் அது பாடிய பிள்ளையை ஓட்டுக் கேட்கும் வேட்பாளராக மாற்றிவிட்டது. ஜெயிக்காத மறுநாள் அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்குள் வந்தாள். அன்று மாலையே அகற்றச் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். இனி எந்தப் பிள்ளைக்காகவும் பள்ளி வாசலில் ஓட்டு விளம்பரம் இருக்காது.

இந்த இறுதிச் சுற்றுகளில் பொதுமக்கள் ஓட்டு சேரும்போது குரலோடு சேர்ந்து வேறு பலவும் கணக்குக்கு வருகின்றன. யாருக்கு எத்தனை உறவுக்காரர்கள், எந்த ஊர் எவ்வளவு திரண்டது, எத்தனை குழுக்களில் செய்தி போனது என்பதெல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறது. ஐந்தாவது இடம் வந்த பிள்ளை ஐந்தாவதாகத்தான் பாடினாள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011-ல் சூப்பர் சிங்கர் பட்டம் கிடைக்காத சத்யபிரகாஷ் பிறகு ஏ.ஆர்.ரகுமான் இசையிலேயே பாடினார். 2012 ஜூனியரில் இரண்டாம் இடம் வந்த பிரகதி பின்னணிப் பாடகியானார். சூப்பர் சிங்கர் ஜூனியரில் ஸ்பூர்த்தி என்ற சிறுமி பட்டம் வென்ற ஆண்டில் இரண்டாம் இடம் வந்த ஜெசிகா, பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்கும் ஈழத்துக் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டாள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதலிடம் யாருக்கு என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இறுதிச் சுற்று முடிந்த பதினைந்து நாளில், அடுத்த ஆடிஷனுக்கென்று பதினொரு விடுப்புக் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கலைஞர்களாகப் பங்கேற்க இடம் கொடுத்தார்கள், ஆனால் அது பள்ளிப் படிப்பைப் பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2017-ன் விதிகளின்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைக்கக் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பிள்ளை சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். படப்பிடிப்பு நள்ளிரவைத் தாண்டினால், "எங்க பிள்ளைக்கு நேரமாச்சு" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். மறுநாள் முதல் பீரியடில் மேசை மேல் தலை வைத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்ப எங்கள் ஆசிரியர்களுக்கு மனசு வருவதில்லை.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்த மாணவரின் அழுகையோ, தோல்வியோ, கேலிக்கு ஆளாகும் எந்தக் காட்சியோ வகுப்புக் குழுவில் பகிரப்பட்டால், பகிர்ந்தவர் யாராக இருந்தாலும் அன்றே குழுவிலிருந்து நீக்கப்படுவார். அதன் பிறகு அவர்களுக்கான அறிவிப்புகள் டைரியில் மட்டும் எழுதி வரும். ஓட்டுக் கேட்பதும் குழுவில் வேண்டாம். ஓட்டுப் போட என்று பிள்ளைகள் கைபேசியைப் பையில் வைத்துக் கொண்டுவருவது நடந்திருக்கிறது. இனி அப்படி வந்தால் அலுவலகத்தில் வாங்கி வைத்துப் பெற்றோர் நேரில் வந்த பிறகே தருவோம். இதில் யாருக்கும் சலுகை கிடையாது, என் சக ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி. இதைப் படிக்கும் உங்களில் மிகப் பலர் இந்த எதிலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் துணுக்கைப் பார்த்ததும் "தயவுசெஞ்சு எடுத்துடுங்க, நம்ம பொண்ணுதானே" என்று குழுவிலேயே எழுதிய அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி. நான் சொல்வதற்கு முன்பே துணுக்கை நீக்கிவிட்டு, பிள்ளையின் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்த அந்த அப்பாவுக்கும் நன்றி. நடித்துக் காட்டிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவளிடம் பேசிவிட்டார்கள். அதைப் பற்றி இனி அவர்களையும் யாரும் திட்ட வேண்டாம். எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துக்கொண்ட அவளுடைய பெற்றோருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

போட்டிக்குப் போவதற்கு முன்பு காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. தனியாகப் பாட வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், பழைய மாதிரி அஞ்சு பேரும் சேர்ந்தே பாடுறோம்" என்றாள். பள்ளி திறக்கும் முதல் நாள் அப்படியே பாடுவார்கள். காலையில் பிள்ளையை விட வரும்போது ஐந்து நிமிடம் முன்னதாக வந்தால் நீங்களும் கேட்கலாம். தயவுசெய்து கைபேசியில் பதிவு செய்ய வேண்டாம்.

விடுமுறையில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்