வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. புதிய அலமாரி வந்துவிட்டது. பழையதை என்ன செய்வது என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை. இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் வாங்கிக்கொண்டது, நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் வேலூர் வரலாற்றைத் தாங்களே தேடி, மூன்று நிமிடக் காணொளியாகச் சொன்ன திட்டம்தான்.

ஒரு விதி வைத்தோம். எடிட்டிங் செயலியைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் ஒரு கேள்வி, அப்புறம் ஆதாரம், அப்புறம் நோட்டில் எழுத்து, அதன்பின் குரல் பதிவு. வீடியோ எடுக்க நோட்டு எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பிள்ளைகளும் கேட்டார்கள். ஒரு குழு பேச்சைக் கேட்காமல் படங்களை முதலில் தேடியது. 1806-ஐப் பற்றிய காணொளிக்கு அவர்கள் இறக்கி வைத்திருந்த ஓவியங்களில் பாதி, 1857 வட இந்தியக் கிளர்ச்சியைக் காட்டுபவை. அதற்குப் பிறகு நோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வேலூர்ப் புரட்சியை எடுத்த குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்பது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால், புதிய தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று பாடம் ஒப்பிப்பார்கள். அதோடு நிறுத்தாமல் தேடச் சொன்னோம். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அப்போது அதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், முந்தின நாள் திப்புவின் மகளுக்குத் திருமணம், சிப்பாய்கள் கோட்டையில் ஏற்றியது மைசூர்ப் புலிக்கொடி. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு, தலைப்பாகை மட்டுமே காரணம் என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை.

‘போன் இல்லாமல் ஆற்காட்டுக்குச் சேதி எப்படிப் போச்சு, சார்?’ என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டதுதான் இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த கேள்வி. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி குதிரையில் விரைந்ததையும், அங்கிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததையும் தேடிப்பிடித்து, அந்தப் பாதையைத் தாளில் வரைந்து படம் பிடித்தார்கள். அந்தக் காணொளியில் உயிருள்ள பகுதி அதுதான். இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையில் சிக்கல் வந்தது. ஓரிடத்தில் 350 என்றும் இன்னோரிடத்தில் 800-க்கு மேல் என்றும் இருந்தது. பெரிய எண்தான் ‘கெத்து’ என்றான் ஒருவன். வாக்குவாதம் முற்றி, கடைசியில் இரண்டையும் திரையில் போட்டு, நூல்கள் மாறுபடுகின்றன என்று குரலில் சொன்னார்கள். பெரியவர்கள் எழுதும் ஊர் வரலாறுகளிலேயே இந்த நேர்மை குறைவு என்பது என் கருத்து.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை எடுத்த குழு, பாலாற்றங்கரை முத்துமண்டபத்துக்குப் போய் வந்தது. 1815-இல் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து, 1832-இல் இங்கேயே இறந்தவர். இலங்கை அரசரின் சமாதி இங்கே எப்படி என்ற கேள்வியிலிருந்தே கதையைத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுத்த குழுவுக்கு ஆண்டுக் கணக்குத்தான் தொல்லை. பாட்டிமார்கள் தேதி சொல்வதில்லை. ‘ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமி வெச்சாங்களே, அதுக்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம்’ என்றார் ஒரு பாட்டி. சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியது 1981-இல். அப்படியானால் கல்யாணம் 1982. பேத்திக்கு அன்று வந்த சந்தோஷம் பரிசு வாங்கினாலும் வந்திருக்காது. தாத்தாவின் சான்றிதழில் ஏன் ‘வட ஆர்க்காடு’ என்று இருக்கிறது எனத் தேடிய மாணவி, 1989 மாவட்டப் பிரிவினையிலும் 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியானதிலும் தொடங்கி, 1911 வரை சித்தூர்தான் மாவட்டத் தலைநகர் என்பது வரை பின்னோக்கிப் போய்விட்டாள்.

குறைகளும் உண்டு. ஒரு பள்ளியில் கைபேசிக்கு அனுமதி கிடைக்காததால் அந்தப் பிள்ளைகள் மாலையில் நம் அறைக்கு வந்தே குரல் பதிவு செய்தார்கள். பஸ் ஹாரன் எல்லாப் பதிவிலும் இருக்கிறது. பின்னணிக்குச் சினிமா இசையைப் போட்டவர்களிடம், அதற்கு உரிமை வேண்டும் என்று சொல்லி எடுக்க வைத்தோம். கொஞ்சம் கோபம்தான். அப்புறம் வகுப்பில் தவில் வாசிக்கும் பையனைக் கூட்டி வந்தார்கள்; சினிமா இசையைவிட அது நன்றாகவே இருந்தது.

வரும் ஆண்டில் தோல் தொழிலையும் பாலாற்றையும் எடுக்கலாம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இரண்டு தரப்பையும் பேட்டி எடுக்கும் துணிவு இருந்தால் மட்டும் தொடங்கலாம் என்பது என் யோசனை. செயற்குழு முடிவு செய்யட்டும்.

வரவு செலவை இப்போது பொருளாளர் வாசிப்பார். மைக் வாங்கிய செலவைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள், தேநீர் இடைவேளைக்குப் பின் திரையிடும் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

செயலாளர்