லூத்ரோ பாட்டிக்கு ஒரு கும்பிடு

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், தென்கரையில் இருக்கும் லூத்ரோவுக்குச் சாலையே கிடையாது. படகு, இல்லையென்றால் நடை. அங்கே தண்ணீரில் இறங்கிய வேகத்தில் என் வீட்டுக்காரர் பாறையில் கால் வைத்தார், கடல் முள்ளெலியின் மேலேயே. குதிகால் முழுக்க மிளகு தூவியதுபோல் கறுப்பு முனைகள். அவர் போட்ட கூச்சலில் கரையோரச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு பாட்டி ஓடிவந்தார். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி ஊறவிட்டு, ஊசியால் ஒவ்வொரு முள்ளாக நெம்பி எடுத்தார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட, பாட்டி அதற்கும் தலையாட்டிச் சிரித்தார்.

இதற்குள் வெள்ளை மலைகளிலிருந்து இறங்கிய காற்று என் தொப்பியைக் கடலில் சேர்த்துவிட்டது. (அதில் இவருக்குச் சந்தோஷம்தான்.) ரொட்டிப் பொட்டலத்தை ஓர் ஆடு பார்த்துக்கொண்டது.

கடைசிப் படகு கிளம்பும் நேரம். பாட்டி ஒரு சத்தம் போட்டார். கடைப்பையன் துறைக்கு ஓடிப் படகை நிறுத்திவைத்தான். காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டு, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஸ்ஃபாகியா பிட்டாவில் தேன் வழிய வழிய ஊற்றிக் கையில் திணித்தார். பெயர் கேட்கக்கூட நேரமில்லை.

பாட்டி, கால் ஆறிவிட்டது. உங்கள் கிரேக்க மொழியிலேயே நன்றி சொல்கிறேன்: எஃப்ஹாரிஸ்தோ!