சாவடியை இடிப்பதற்கு முன்: எங்கள் ஊராருக்கும் பங்காளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும், பிரான்சிலும் சென்னையிலும் புதுச்சேரி நகரத்திலும் வாழ்ந்துகொண்டு இங்கே பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்குப் பங்காளிகளாக இருக்கும் உறவினர்களுக்கும், புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறையினருக்கும் வணக்கம்.

ஏரிக்கரைச் சாலைத் திருப்பத்தில் நிற்கும் பழைய சாவடியை இடித்துவிட்டு அந்த இடத்தில் கான்கிரீட் கூடம் ஒன்று எழுப்பலாம் என்று தை மாதக் கூட்டத்தில் பேசப்பட்டது. அன்று நானும் கூட்டத்தில் இருந்தேன். இடிக்கக் கூடாது என்று மனம் சொன்னாலும், ஏன் கூடாது என்று நாலு பேர் ஒப்பும்படி எடுத்துச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்து, கொத்தனார்கள் இருவரை அழைத்துவந்து சுவரையும் உத்திரத்தையும் காட்டி, வயதானவர்கள் சிலரிடம் கேட்டறிந்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன். கூடம் வேண்டும் என்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. மழைக்காலத்தில் ஒரு காரியம் என்றால் ஊரில் நூறு பேர் உட்கார இடமில்லை என்பது உண்மைதான்.

சாவடி பலமிழந்துவிட்டது என்பதுதான் இடிப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தபோது சாவடிக்குள்ளும் தண்ணீர் நின்றது; அதன்பின் மேற்குச் சுவரில் பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கியது. ஆனால் பெயர்ந்து விழுந்தது எந்தப் பூச்சு என்று நாம் யாரும் குனிந்து பார்க்கவில்லை. அது பிற்காலத்தில் பழுதுபார்ப்பு என்ற பெயரில் அப்பிய சிமெண்டுப் பூச்சு. அதற்கு அடியில் இருக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து இன்றும் நகத்தால் கீறினால் உதிராத அளவுக்கு இறுகி நிற்கிறது. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, செங்கல்லில் உப்புப் பூத்து, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனைகளை மெல்ல இற்றுப்போகச் செய்யும். மேற்குப் பக்கத்தில் இரண்டு தேக்கு உத்திரங்களின் முனைகள் அப்படித்தான் இற்றிருக்கின்றன. மற்றவை தட்டினால் கணீரென்று ஒலிக்கின்றன. மாடியில் முளைத்திருக்கும் அரசங்கன்று இன்னும் விரல் பருமன்தான்.

ஆகவே கட்டடம் முதுமையால் சாகவில்லை. நாம் தவறான மருந்து கொடுத்தோம். சிமெண்டைச் செதுக்கி எடுத்து, அந்த இரண்டு முனைகளையும் மாற்றி, மாடியில் உடைந்த தட்டோடுகளைப் புதுப்பித்து, நீர் வடியும் தூம்பை அடைப்பெடுத்துவிட்டால் போதும் என்று, நான் அழைத்துவந்த இருவரில் சுண்ணாம்பு வேலையில் பழகிய மூத்த கொத்தனார் சொல்கிறார். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சாந்து குழைத்துப் பூசும் கைப்பக்குவம் நம் வட்டாரத்தில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அவர்களும் வயதானவர்கள் என்பதால், இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே ஒரு வகையில் இடிப்பதற்குச் சமம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நான் படித்த பள்ளிக்கூடம். நீண்ட தாழ்வாரமும், சுவரில் கறுப்புச் சாயம் பூசிய பலகையும், உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து அடித்த மெத்தைத் தளமும் கொண்ட அந்தக் கட்டடம் ஒரு கோடை விடுமுறையில் இடிக்கப்பட்டது. ஜூன் மாதம் பிள்ளைகள் திரும்பி வந்தபோது அங்கே காலி இடம்தான் இருந்தது. உத்திரங்கள் வண்டியில் ஏறிப் போயின. யார் வாங்கினார்கள், எங்கே போயின என்று தெரியாது. இடித்தவர்களைக் குறை கூறுவது இன்று எனக்கு நோக்கமில்லை. ஆனால் ஒரு புகைப்படம்கூட எடுக்கப்படவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அந்த வகுப்பறைக்கு எத்தனை சன்னல்கள் என்று உடன் படித்தவர்களைக் கேட்டால் ஒருவர் நான்கு என்கிறார், இன்னொருவர் ஆறு என்கிறார். எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

பாரம்பரியக் கட்டடம் என்று யாராவது சொன்னால் நம் நினைவுக்கு வருவது புல்வார் என்னும் சுற்றுச் சாலைக்கு உள்ளே இருக்கும் பழைய புதுச்சேரிதான். அங்கே நடந்த நல்ல வேலைகளை நான் மதிக்கிறேன். வைசியாள் வீதியில் அரசும், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும், வீட்டுக்காரர்களும் சேர்ந்து தாழ்வாரங்களையும் திண்ணைகளையும் மீட்டெடுத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அதே நகரத்தில் கடற்கரை ஓரம் 140 ஆண்டுகளுக்கு மேல் நின்ற மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததும் நமக்குத் தெரியும். அதை மீண்டும் பழைய வடிவிலேயே கட்டினார்கள். நகரத்து மேரிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. கிராமத்துச் சாவடி விழுந்தால் அதை மறுபடி கட்ட எந்த நிதியும் வராது, அது எப்படி இருந்தது என்று காட்டும் வரைபடமும் கிடையாது.

கிராமங்களுக்கு வரலாறு இல்லையா? பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. பிரெஞ்சு இந்தியா இந்தியாவோடு இணைய வேண்டும் என்ற முடிவு எடுக்கப்பட்டதும் நகரத்து மாளிகை எதிலும் அல்ல. 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்னும் சிற்றூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பாகூர் மூலநாதர் கோயிலைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. கல்லில் கட்டியதற்கும் செம்பில் எழுதியதற்கும் காவல் இருக்கிறது. நம் பாட்டன்மார் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டியவற்றுக்குத்தான் யாரும் இல்லை.

சாவடி சாதாரணக் கட்டடம்தான். ஆனால் அதன் திண்ணையில் உட்கார்ந்துதான் ஏரித் தண்ணீரை எந்த மதகுக்கு எத்தனை நாழிகை விடுவது என்று முடிவு செய்தார்கள். ஆற்றுக்கு அக்கரை இங்கிலீஷ்காரன் எல்லை, இக்கரை பிரெஞ்சுக்காரன் எல்லை என்றிருந்த காலத்தில், கடலூர்ச் சந்தைக்கு மாட்டுவண்டி பூட்டிப் போனவர்கள் சாமம் கழியும்வரை இங்கேதான் படுத்திருந்தார்கள் என்று எண்பத்தைந்து வயதான ஒரு தாத்தா, தம் தகப்பனார் சொல்லக் கேட்டதை என்னிடம் சொன்னார். மெத்தைத் தளம் போட்டபோது பெண்கள் வரிசையாக நின்று கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கினார்கள். அந்த அடிக்குத் தாளமாக ஒரு பாட்டு இருந்தது. அந்தப் பாட்டின் முதல் இரண்டு அடி மட்டும் தெரிந்த ஆயா ஒருவர் காலனியில் இருக்கிறார். மீதியைத் தன் நாத்தனார் அறிவார் என்றார். நான் விசாரித்துப் போவதற்கு மூன்று மாதம் முன்பே அந்த அம்மாள் இறந்துபோயிருந்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்தச் சாவடிக்குச் செங்கல் அறுத்தவர்களும் தளம் அடித்தவர்களும் கட்டி முடிந்த பிறகு அதன் திண்ணையில் உட்கார முடியவில்லை. தண்ணீர்ப் பங்கு பேசும்போது அவர்கள் புளியமரத்தடியில் நின்றுதான் கேட்டார்கள் என்பதை அந்த ஆயாவே சொன்னார். ஊர் நினைவைப் பதிவு செய்வதென்றால் அதையும் எழுத வேண்டும். திண்ணையில் இருந்தவர்கள் சொல்வதை மட்டும் எழுதினால் அது பாதிச் சாவடியின் வரலாறாகத்தான் இருக்கும். இடித்துவிட்டால் அந்த அநியாயத்தைக் காட்டவும் நமக்கு இடம் இருக்காது. காத்து, எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டால், அந்த ஆயாவின் பேரப்பிள்ளைகள் அதே திண்ணையில் புத்தகம் விரித்துப் படிக்கலாம்.

பங்காளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெரிய தெருவில் இன்று ஏழு வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன. உங்கள் தாத்தாக்கள் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, கடல் கடந்து போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அவை. கீழே முற்றமும் தாழ்வாரமும், மேலே வளைவுச் சன்னல்களும் கொண்ட வீடுகள். பாகம் பிரிக்கப்படாததால் ஒருவர் பழுதுபார்க்க நினைத்தாலும் மற்றவர் கையெழுத்து வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் வெளிநாட்டில் இருக்கிறார். அதற்குள் முற்றத்தில் புல் முளைத்து ஓடு சரிகிறது. பாகப்பிரிவினை உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓடுகளைத் திருப்பி, வடிகாலைச் சுத்தம் செய்ய உள்ளூரில் ஒருவரிடம் சாவியையும் சம்மதக் கடிதத்தையும் கொடுத்துவையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பெட்டிகளில் கிடக்கும் பழைய புகைப்படங்களிலும் கடிதங்களிலும் இந்தத் தெரு தெரிந்தால், அவற்றின் நகலையும் அனுப்பிவையுங்கள்.

ஊர்ப் பெரியோர்களிடம் கேட்பது ஆறு மாத அவகாசம். கூடத்தைச் சாவடிக்குப் பின்னால் இருக்கும் பொது மனையில் கட்டலாம். அந்த இடம் இதைவிடப் பெரியது, மேடானதும்கூட. கலை பண்பாட்டுத் துறையினர் ஒரு பொறியாளரை அனுப்பிச் சாவடியைப் பார்வையிட்டு, சுண்ணாம்பு வேலைக்கு ஆகும் செலவை எழுத்தில் தர வேண்டும் என்றும், வைசியாள் வீதியில் செய்ததைப்போல் அரசு ஒரு பங்கும் ஊர் ஒரு பங்கும் ஏற்கும் வழி கிராமங்களுக்கும் உண்டா என்று தெரிவிக்க வேண்டும் என்றும் வேண்டுகிறேன். அந்தச் செலவு நம்மால் தாங்க முடியாதது என்று தெரிந்தால், அதன்பின் நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

எப்படியானாலும் அளவெடுக்கும் வேலையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அளவு நாடாவோடும் நோட்டுப் புத்தகத்தோடும் சாவடியில் இருப்பேன். கல்லூரியில் கட்டடக்கலை படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் வரைபடம் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆயாவையும் அழைத்திருக்கிறேன். நடக்க முடியாத பெரியவர்களை வண்டியில் அழைத்துவர இளைஞர்கள் நான்கு பேர் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெரிய தெருவில் வசிக்கும் ஊர்க்காரன் ஒருவன்